ஹௌராவில் நின்ற சக்கரங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரோடு ஒப்பிட்டுப் பேசப்பெற்றது ஹௌரா. 1965, 1966 ஆகிய ஈராண்டும் மழை பொய்த்தது. 1965-இல் போரும் மூண்டது. 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டம் 1969 வரை தள்ளிப்போயிற்று. அரசின் முதலீடு சுருங்கவே, சரக்கு வண்டிகளுக்கு ரயில்வே கொடுத்துவந்த ஆர்டர்களும் குறைந்தன. வண்டி செய்யும் ஆலைகளை நம்பியிருந்த வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் வேலையின்றி வாடின.

1953-இல் திருத்தப்பெற்ற தொழில் தகராறுச் சட்டப்படி, ஓராண்டேனும் பணிபுரிந்து லே-ஆஃப் செய்யப்பட்ட தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைத்தது. அதனைப் பெற, வேலை இல்லாவிடினும் நாள்தோறும் ஆலைக்கு வந்து முகங்காட்ட வேண்டியிருந்தது. ஆனால், 50 பேருக்குக் குறைந்த பட்டறைகளுக்கு அவ்விதி பொருந்தவில்லை. ஆகவே, பேராலைத் தொழிலாளிக்கு அரைவயிற்றுக் கஞ்சிக்கேனும் வழி இருந்தது; சிறு பட்டறைத் தொழிலாளிக்கோ ரேஷன் அட்டை இருந்தும் அரிசி வாங்கக் காசில்லை.

நம் காலனியில் இருப்புப்பாதை ஊழியர் பலர். ஏட்டில் குறைத்தெழுதப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னே எங்கோ சில அடுப்புகள் அணைகின்றன. மாதந்தவறாது சம்பளம் பெறும் நாம் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.