ஓடுபாதையில் ஒரு நேரத்தில் ஒருவர்

கட்டுநாயக்கவில் இறங்க வந்த விமானம், சக்கரம் நிலத்தில் படப்போகிற நேரத்தில் இரைந்துகொண்டு மறுபடியும் மேலே ஏறினால் உள்ளே இருப்பவர்கள் பதறிப்போவார்கள். ஊருக்கு வந்ததும் முதலில் சொல்வதும் அதைத்தான்: "பைலட்டுக்கு இறக்கத் தெரியாது போல." உம்றாவுக்குப் போய் வருகிற குடும்பங்களும், மத்திய கிழக்கில் இருந்து லீவில் வருகிற பிள்ளைகளும் உள்ள ஊர்களில் இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படி மேலே ஏறுவதற்குக் காற்று, மழை என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மிகச் சாதாரணமானது. முன்னால் இறங்கிய விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு வெளியேறவில்லை. அவ்வளவுதான். கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதை, நீளம் 3,350 மீற்றர். அதில் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் இறங்கக்கூடாது. தரம் 6 பிள்ளைக்குக்கூட விளங்குகிற சட்டம் இது. ஆனால் இந்தச் சின்னச் சட்டத்தைக் காப்பாற்ற உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஆரம்பத்தில் கோபுரமும் இல்லை, வானொலியும் இல்லை. புல்வெளியில் காற்றின் திசை பார்த்து விமானிகள் தாங்களே இறங்கினார்கள். லண்டனுக்கு அருகே குரொய்டனில் 1920இல் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் வந்தது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1929இல் ஆர்ச்சி லீக் என்ற மனிதரை இந்த வேலைக்கு வைத்தார்கள். அவருடைய அலுவலகம் ஒரு தள்ளுவண்டி. அதில் ஒரு பெரிய குடை, மடக்குக் கதிரை, குறிப்புப் புத்தகம், இரண்டு கொடிகள். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் வரலாம். சிவப்புக் கொடி என்றால் நில். 1930இல் கிளீவ்லாந்தில் வானொலி பொருத்திய கோபுரம் எழுந்தது. அதன்பிறகு கொடியின் வேலையைக் குரல் எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொடி காட்டுகிற மனிதன் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் கொடி காட்டுகிறான். குரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வானொலியில் அனுமதி கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பலாம். நான் சொல்லப்போகிற துயரத்தின் விதை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய சர்வதேச விதி இதுதான். ஓடுபாதையின் தொடக்கத்தில் பியானோக் கட்டைகள் போல வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்கள். இறங்குகிற விமானம் அந்த எல்லையைத் தாண்டும்போது, முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு முற்றாக வெளியேறியிருக்க வேண்டும். முன்னால் புறப்பட்டது என்றால், அது மறுமுனையைத் தாண்டியிருக்க வேண்டும் அல்லது திரும்பிப் போயிருக்க வேண்டும்.

சலுகைகளும் உண்டு. அமெரிக்காவில் பகல் நேரத்தில், கோபுரத்தில் இருப்பவர் தூரத்தைக் கண்ணால் கணிக்க முடிந்தால், சின்ன விமானங்கள் இரண்டு ஒரே ஓடுபாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கலாம். பின்னால் வருவது ஒற்றை இயந்திரச் சிறு விமானம் என்றால் 3,000 அடி இடைவெளி போதும். இரட்டை இயந்திரச் சிறு விமானம் என்றால் 4,500 அடி. நாம் பயணம் செய்கிற ஜெட் விமானங்களுக்கு இறங்கும்போது இந்தச் சலுகை இல்லை. முன்னால் இறங்கியவர் வெளியேறியே ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஜெட் விமானம் இறங்க வரும் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 72 மீற்றர். இரண்டு விமானங்களுக்கு இடையே ஐந்தரைக் கிலோமீற்றர் இருந்தால், பின்னால் வருபவர் வந்து சேர எழுபத்தைந்து செக்கன் அளவில்தான் ஆகும். முன்னால் இறங்கியவர் வேகத்தைக் குறைத்துப் பக்கவழியில் திரும்ப ஐம்பது செக்கன் எடுத்தால் மிச்சம் இருபத்தைந்து செக்கன். பெரிய விமான நிலையங்களில் அந்த இருபத்தைந்து செக்கனுக்குள் இன்னொரு விமானத்தைப் புறப்பட விடவும் பார்ப்பார்கள். பணம், நேரம், எரிபொருள் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கின்றன.

இப்போது லொஸ் ஏஞ்சலிசுக்கு வருவோம். 1991 பெப்ரவரி 1, மாலை ஆறு மணி கடந்து இருட்டிய நேரம். வடக்குப் பக்கத்து ஓடுபாதை ஒன்றில் இறங்குவதும் புறப்படுவதும் இரண்டுமே நடந்துகொண்டிருந்தன. ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சிறிய மெட்ரோ விமானம், பாம்டேல் நகருக்குப் போக 12 பேருடன் வந்தது. அது ஓடுபாதையின் தொடக்கத்துக்குப் போகவில்லை. சுமார் 670 மீற்றர் உள்ளே, குறுக்குவழி சந்திக்கிற இடத்தில் ஏறி நிற்கும்படி கோபுரத்தில் இருந்த பெண் கட்டுப்பாட்டாளர் சொன்னார். "ஏறி நில், காத்திரு" என்பது அன்றாடம் கொடுக்கிற உத்தரவு.

அந்த விமானத்தை அனுப்புவதற்குள் வேறொரு விமானம் ஓடுபாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. அவர் கூப்பிட்டார், பதில் இல்லை. அந்த விமானி வானொலி அலைவரிசையை மாற்றியிருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. இந்த நேரத்தில் யூஎஸ்எயார் நிறுவனத்தின் போயிங் 737, 89 பேருடன் இறங்க வந்தது. அதே ஓடுபாதையில் இறங்க அனுமதி கொடுத்தார். அதன்பிறகு இன்னொரு மெட்ரோ விமானம் புறப்படத் தயார் என்று கூப்பிட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதத் துண்டு இருக்கும், அதைப் பார்த்துத்தான் யார் எங்கே என்று நினைவு வைப்பார்கள். இந்த விமானத்தின் துண்டு அவருடைய மேசைக்கு வந்து சேரவில்லை. அதைத் தேடினார்கள். பக்கவழியில் நின்ற அந்த மெட்ரோவைத்தான் ஸ்கைவெஸ்ட் விமானம் என்று அவர் எண்ணிக்கொண்டார். அப்படியென்றால் ஓடுபாதை காலி.

உண்மையில் ஸ்கைவெஸ்ட் விமானம் இரண்டு நிமிடமாக ஓடுபாதையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. 737இன் துணை விமானி உயிர் பிழைத்தார். முன்சக்கரம் கீழே இறங்குகிற நேரத்தில்தான் தன் விளக்கு வெளிச்சத்தில் எதிரே ஒரு விமானத்தைக் கண்டதாக அவர் சொன்னார். அதற்கு முன்னர் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. நின்ற விமானத்தின் வால் விளக்கு, ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளோடு ஒன்றாகக் கலந்திருந்தது. பிரகாசமான மின்னும் விளக்குகளைப் புறப்பட அனுமதி கிடைத்த பிறகுதான் போடுவது அந்தக் காலத்து வழக்கம்.

ஸ்கைவெஸ்டில் இருந்த 12 பேரும் அங்கேயே இறந்தார்கள். 737 அந்தச் சிறு விமானத்தையும் இழுத்துக்கொண்டு சறுக்கிப் போய், ஆளில்லாத ஒரு பழைய தீயணைப்புக் கட்டடத்தில் மோதித் தீப்பற்றியது. அதில் 23 பேர் போனார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது மோதல் அல்ல, புகை. இறக்கைக்கு மேல் உள்ள அவசரக் கதவுக்கு வரிசையில் நின்றபடியே சிலர் விழுந்தார்கள். மொத்தம் 35 உயிர்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே அலைவரிசையில்தான் இருந்தன. தாங்கள் நிற்கிற ஓடுபாதையில் இறங்க இன்னொருவருக்கு அனுமதி கொடுத்தது ஸ்கைவெஸ்ட் விமானிகளின் காதிலும் விழுந்திருக்கக்கூடும். ஏன் பேசவில்லை என்று சொல்ல அவர்கள் இல்லை.

இந்தக் கதையை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் விபத்து அல்ல, அதற்குப் பின் வந்த விசாரணை. நம்மூரில் ஒரு பஸ் கவிழ்ந்தால் அடுத்த நிமிடமே சாரதியின் பெயரைத் தேடுவோம். வைத்தியசாலையில் ஒரு பிழை நடந்தால் தாதியின் படம் முகநூலில் ஓடும். இங்கேயும் ஒரு பெண் மறந்தார், 35 பேர் இறந்தார்கள் என்று கோப்பை மூடியிருக்கலாம். மறந்தது உண்மைதானே. அவரும் அதை மறைக்கவில்லை.

ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, ஒரு மனுசி மறந்தால் அதைப் பிடிக்க அந்தக் கோபுரத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்டது. தரையில் நிற்கும் விமானங்களைக் காட்டும் ரேடார் இருந்தது, அன்று பழுது. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்தான். ஆனால் முனையத்தின் உயர்ந்த கம்பங்களில் இருந்த விளக்குகளின் கூச்சம் சரியாக அந்தச் சந்தியை மறைத்தது. காகிதத் துண்டுகள், தரையில் விமானங்களை நகர்த்துகிற கட்டுப்பாட்டாளரின் கை வழியாகப் போகாதபடி வேலைமுறை அமைந்திருந்தது. அதனால் இன்னொருவர் கண்ணில் பிழை படுகிற வாய்ப்பும் போய்விட்டது. இதே பெண்ணின் வேலையில் இதே மாதிரியான குறைகளை மேற்பார்வையாளர் முன்னரே எழுதி வைத்திருந்தார். அவற்றைத் திருத்த எதுவும் செய்யப்படவில்லை.

கோபுரத்தின் நிர்வாகமும், அதற்கு வழிகாட்ட வேண்டிய மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமும், ஒரு பிழையை இன்னொன்று தடுக்கிற ஏற்பாட்டைச் செய்யவில்லை. இதையே விபத்தின் காரணம் என்று அறிக்கை எழுதியது. அந்தப் பெண்ணின் தவறு அதற்குள் அடங்கியது, அதற்கு மேலே நிற்கவில்லை. இதை வாசித்தபோது ஒரு வாத்தியாராக எனக்கு இரண்டு நாள் வேறு யோசனை ஓடவில்லை.

அப்படி எழுதியதால்தான் சட்டம் மாறியது. ஒரு ஆளைத் தண்டித்து முடித்திருந்தால் மாற்ற எதுவும் இருந்திராது. இன்று அமெரிக்காவில் சூரியன் மறைந்த பிறகு, இறங்கும் விமானங்களும் பாவிக்கிற ஓடுபாதையின் நடுச் சந்தியில் ஒரு விமானத்தை ஏற்றி நிறுத்தி வைக்க முடியாது. கோபுரத்துக்குத் தெரியாத சந்தி என்றாலும் முடியாது. ஓடுபாதையில் ஒருவர் காத்து நிற்கும்போது, எச்சரிக்கை கொடுக்கிற கணினி ஏற்பாடு இல்லாத இடத்தில் இன்னொருவருக்கு இறங்க அனுமதி கொடுப்பதற்கும் தடை. விமானிகளும் ஓடுபாதையில் கால் வைத்தவுடனேயே விளக்குகளைப் போடுகிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் முழுதாக மாறவில்லை. சர்வதேச விதிப்படி, முன்னால் இறங்குகிறவர் அந்த வெள்ளைப் பட்டை எல்லையைத் தாண்டும் வரை பின்னால் வருபவருக்கு இறங்க அனுமதி கொடுக்கக்கூடாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. "நீங்கள் இரண்டாவது, இறங்கலாம்" என்று வரிசையில் வருகிற பலருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நீங்கள் வந்து சேரும்போது பாதை காலியாகியிருக்கும் என்ற நம்பிக்கையில் கொடுக்கிற அனுமதி அது. வேலை சுலபம், வானொலியில் பேச்சும் குறைவு. ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. கொடுத்த அனுமதி கையில் இருக்கும்போது, அதைத் திரும்ப எடுக்க யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

2023 பெப்ரவரி 4 அதிகாலை, டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டினில் கடும் மூடுபனி. இறங்க வந்துகொண்டிருந்த ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்துக்கு அனுமதி கொடுத்தாயிற்று. அதே ஓடுபாதையில் சவுத்வெஸ்ட் பயணிகள் விமானம் புறப்படவும் கட்டுப்பாட்டாளர் அனுமதித்தார். இடையில் நேரம் போதும் என்று நினைத்தார். பனியில் கோபுரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, அங்கே தரை ரேடாரும் இருக்கவில்லை. ஃபெடெக்ஸ் விமானிகள் கீழே ஒரு விமானத்தின் உருவத்தைக் கண்டு தாங்களாகவே மேலே ஏறினார்கள். இரண்டுக்கும் இடையில் இருந்தது 200 அடிக்கும் குறைவு. சவுத்வெஸ்டில் மட்டும் 128 பேர். அன்று அத்தனை பேரையும் காப்பாற்றியது, நம் ஆட்கள் "இறக்கத் தெரியாது" என்று சொல்கிற அதே மறுபடி ஏறுதல்தான்.

கடைசியாக டோக்கியோ. 2024 ஜனவரி 1இல் நோட்டோ பூகம்பம். மறுநாள் மாலை ஜப்பான் கரையோரக் காவல் படை விமானம் ஒன்று அங்கே நிவாரணப் பொருள் கொண்டுபோக ஹனேடா விமான நிலையத்தில் தயாராக நின்றது. "முதலாவது நீங்கள்தான், ஓடுபாதைக்கு வெளியே உள்ள நிறுத்தத்துக்குப் போங்கள்" என்று கோபுரம் சொன்னது. வரிசையில் முதலாவது என்பது மட்டுமே அதன் கருத்து. விமானியோ ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டார். உள்ளே போய் 40 செக்கன் அளவில் நின்றார். பின்னால் 379 பேருடன் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் முறைப்படி அனுமதி வாங்கி இறங்கியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தீக்குள் இருந்து உயிரோடு வெளியே வந்தார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்த முறை ரேடார் பழுதில்லை. ஓடுபாதையில் ஆள் நிற்கும்போது ஒருவர் இறங்க வருகிறார் என்று கோபுரத்துத் திரை நிறம் மாற்றிக் காட்டியது. அதை யாரும் கவனிக்கவில்லை. சத்தம் எழுப்பாத எச்சரிக்கை அது. விபத்து நடந்து நான்கு நாட்களில் ஹனேடா கோபுரத்தில் புதிதாக ஒரு கதிரை போட்டார்கள். அதில் இருந்தவர் வானொலியில் யாரோடும் பேசவில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது.