டென்கேர்: தலை மாறிய சுமை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசும்போது, "சார், மெடிகேர், மெடிகெய்டு ரெண்டும் ஒண்ணா வேறயான்னு இங்க இருக்கிற எங்களுக்கே குழப்பம்" என்றார். இரண்டும் வேறு. ஆனால் பிறந்த நாள் ஒன்று. 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரே சட்டத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டையும் கொண்டுவந்தார். மெடிகேர் 65 வயதைத் தாண்டியவர்களுக்கானது, அதை மத்திய அரசே நடத்துகிறது. மெடிகெய்டு ஏழைகளுக்கானது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போட, மாநிலம் அதை நடத்துகிறது. அதனால்தான் மெடிகெய்டு மாநிலத்துக்கு மாநிலம் வேறு முகத்தோடு இருக்கிறது.

அப்படி ஒரு மாநிலத்தின் கதைதான் இது. மாநிலத்தின் பெயர் டென்னசி. திட்டத்தின் பெயர் டென்கேர்.

கதைக்குள் போகும் முன் ஒரு சின்னப் பாடம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கு உடனே புரியும். 'டிவைடிங் சிஸ்டம்' நினைவிருக்கிறதா? மாதம் முழுக்க ஆன செலவைக் கடைசியில் கூட்டிப் பங்கு போடுவார்கள். அரிசி விலை ஏறினால் நம் பில்லும் ஏறும். இன்னொரு முறையில், தலைக்கு மாதம் இவ்வளவு என்று பேசி மெஸ்ஸைக் கான்ட்ராக்டரிடம் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் குறைவாகச் சாப்பிட்டால் மிச்சம் அவருக்கு. அதிகம் சாப்பிட்டால் நஷ்டமும் அவருக்கே. இதில் நிர்வாகத்துக்கு நிம்மதி உண்டு, செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆபத்தும் உண்டு. ஒன்று, சாம்பார் தண்ணீராகலாம். இல்லையென்றால் கான்ட்ராக்டர் பாதியிலேயே கடையைக் கட்டலாம்.

மருத்துவத்தில் இந்த இரண்டாவது முறைக்குத்தான் 'மேனேஜ்டு கேர்' என்று பெயர். டாக்டர் பில் அனுப்ப, அரசு பணம் கட்டுவது பழைய வழக்கம். அதை விட்டுவிட்டு, ஒரு நோயாளிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, 'இனி இவரைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு' என்று சொல்லிவிடுவது.

1990-களின் தொடக்கத்தில் டென்னசியின் மெடிகெய்டு செலவு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. கவர்னராக இருந்தவர் நெட் மெக்வெர்ட்டர், ஜனநாயகக் கட்சிக்காரர். செலவைக் குறைக்க ஆட்களைக் குறைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. அவர் தலைகீழாக யோசித்தார். மெடிகெய்டில் இருக்கும் அத்தனை பேரையும் மேனேஜ்டு கேருக்கு மாற்றுவோம். அதில் மிச்சமாகும் பணத்தில், காப்பீடே இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்வோம் என்றார். நோய் இருக்கிறது என்ற காரணத்தாலேயே எந்த நிறுவனமும் பாலிசி கொடுக்க மறுத்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை.

1993 நவம்பரில் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. 1994 ஜனவரி 1-ஆம் தேதி திட்டம் தொடங்கிவிட்டது. இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. 12 நிறுவனங்களிடம் மக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். டாக்டர்கள் பலர் கொதித்தார்கள். அரசு ஊழியர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பட்டியலில் இருக்க வேண்டுமானால் டென்கேர் நோயாளிகளையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்குக் கசந்தது. ஆனாலும் முதல் ஆண்டு முடிவதற்குள் சுமார் 12 லட்சம் பேர் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மாநிலத்தில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர்! அதே வேகத்தில், 1994 முடியும்போதே காப்பீடு இல்லாத பெரியவர்களுக்குப் புதிய சேர்க்கையை நிறுத்தவும் வேண்டியிருந்தது. பாலிசி மறுக்கப்பட்ட நோயாளிகளுக்குக் கதவு திறந்தே இருந்தது.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். தலைக்கு இவ்வளவு என்ற தொகை போதவில்லை என்று நிறுவனங்கள் முனகின. 1999-ல் சான்டஸ் என்ற நிறுவனத்தை மாநில அரசே தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டியதாயிற்று. 2001-ல் ஆக்சஸ் மெட்பிளஸ் என்ற இன்னொரு பெரிய நிறுவனமும் திட்டத்தைவிட்டுப் போனது. கடைசியில் 2002-ல், 'நஷ்டம் வந்தால் எங்கள் பொறுப்பு, நீங்கள் நிர்வாகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் தருகிறோம்' என்று அரசே இறங்கி வந்தது. கான்ட்ராக்டர் தலையில் இருந்த சுமை மீண்டும் நிர்வாகத்தின் தலைக்கு வந்துவிட்டது.

சரி, அரசிடம் பணம் இருந்ததா? டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. பெரும்பாலும் விற்பனை வரியை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. மெக்வெர்ட்டருக்குப் பின் வந்த குடியரசுக் கட்சி கவர்னர் டான் சண்ட்குவிஸ்ட், தன் கட்சிக்காரர்களின் கோபத்தையும் மீறி வருமான வரி கொண்டுவரப் பார்த்தார். மக்கள் கார்களில் கிளம்பி வந்து நாஷ்வில் நகரில் சட்டமன்றத்தைச் சுற்றிச்சுற்றி ஹாரன் அடித்தார்கள். 2001 ஜூலையில் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகள்கூட உடைந்தன. வரி வரவே இல்லை. 2014-ல் அப்படி ஒரு வரி வரவே கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

2003-ல் பதவிக்கு வந்த ஃபில் பிரெடசன் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கி நடத்தியவர். இந்தத் தொழிலை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர் என்று சொல்லித்தான் அவரை நம்பினார்கள். கணக்கைப் பார்த்த அவர், கட்டாது என்று முடிவு செய்தார். 2005-ல் சுமார் 1,70,000 பெரியவர்கள் டென்கேரிலிருந்து நீக்கப்பட்டார்கள். திட்டத்தில் மிஞ்சிய பெரியவர்களில் பலருக்கு மாதம் ஐந்து மருந்துச் சீட்டுகளுக்கு மேல் கிடையாது என்று வரம்பு போட்டார்கள். குழந்தைகளைத் தொடவில்லை, அது ஒரு ஆறுதல். நோயாளிகளும் அவர்களுக்காகப் பேசியவர்களும் கவர்னர் அலுவலகத்திலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். முடிவு மாறவில்லை.

மெக்வெர்ட்டரும் பிரெடசனும் ஒரே கட்சி என்பதைக் கவனியுங்கள். திட்டத்துக்குள் கூட்டி வந்தவரும் வெளியே அனுப்பியவரும் ஜனநாயகக் கட்சிதான். வரி போட்டாவது பணம் தேட முயன்றவர் குடியரசுக் கட்சி. வரலாற்றைக் கட்சிக் கொடியின் நிறத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள் என்று வகுப்பில் சொல்வேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள்? பொருளாதார அறிஞர்கள் மூவர் இதை ஆராய்ந்து 2014-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நீக்கத்துக்குப் பிறகு டென்னசியில் வேலைக்குப் போனவர்கள் கணிசமாகக் கூடினார்கள். அதிலும் காப்பீடு கிடைக்கும் வேலைகளில் சேர்ந்தவர்கள் அதிகம் என்பது அவர்கள் கண்டது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். 'பார்த்தீர்களா, இலவசத்தை நிறுத்தினால் வேலைக்குப் போகிறார்கள்' என்பார் ஒருவர். 'மருந்துக்காகவே முடியாத உடம்போடும் வேலை தேட வேண்டியதாயிற்று' என்பார் இன்னொருவர். வேலையும் கிடைக்காதவர் கதை இந்த இரண்டு வாசிப்பிலும் வராது.

பின்னாளில் டென்னசியில் ஒரு ஏற்பாடு இருந்தது. மருத்துவச் செலவால் நொடித்துப் போனவர்களுக்காக, ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு மாலை நேரத்தில் தொலைபேசி இணைப்பைத் திறப்பார்கள். முதல் 2,500 அழைப்புகளோடு மூடிவிடுவார்கள். அன்று மாலை லைன் கிடைத்தவருக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு. கிடைக்காதவர் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும்.

2007 முதல் பகுதி பகுதியாக மீண்டும் நிறுவனங்களின் தலையிலேயே பொறுப்பை வைத்தார்கள். இம்முறை குறைந்த எண்ணிக்கையில், பெரிய நிறுவனங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறை நிலைத்துவிட்டது. ஆனால் வெளியே போனவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஒபாமா காலத்துச் சட்டம் மெடிகெய்டை விரிவாக்க வழி செய்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அது மாநிலங்களின் விருப்பம் என்றது. கவர்னர் பில் ஹாஸ்லம் கொண்டுவந்த மாற்றுத் திட்டத்தை 2015 பிப்ரவரியில் செனட் குழு ஒன்றே முடக்கியது. 2021 ஜனவரியில் வேறொரு மாற்றம் வந்தது: மத்திய அரசு தரும் பணத்துக்கு ஒரு உச்சவரம்பு, அதற்குள் மிச்சம் பிடித்தால் மாநிலத்துக்கும் பங்கு. 2024 ஆகஸ்டிலிருந்து டென்கேரில் இருக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாதம் 100 டயப்பர் வரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

முப்பது ஆண்டுக் கதையை நான்கு வரியில் சொல்கிறேன். சுமை முதலில் அரசின் தலையில் இருந்தது. 1994-ல் நிறுவனங்களிடம் போனது. 2002-ல் அரசிடம் திரும்பியது. 2005-ல் நோயாளியின் தலைக்கு வந்தது. நிறுவனமும் அரசும் தலையை உருவிக்கொள்ள முடிந்தது, நோயாளிக்கு அந்த வசதி இல்லை.

எந்த ஊரில் எந்தப் பெயரில் காப்பீட்டுத் திட்டத்தை மாற்றினாலும், கவரேஜ் தொகையைப் படித்துவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். பணம் போதாத வருடத்தில் யார் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால், அது நீங்களாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலும் இன்சூரன்ஸ் துறையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.