தொடர் கொலை வழக்குகள்: செய்தி எதுவரை செல்லலாம்? சட்டம் வகுத்துள்ள எல்லைகள் என்னென்ன?

சித்தூர்: தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் அமைந்துள்ளன. இங்கு ஒரு கொலை நிகழ்ந்தால் அச்செய்தி தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் வெளியாகிறது. அடுத்தடுத்து இரண்டு, மூன்று கொலைகள் நிகழ்ந்துவிட்டால், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படுவதற்கு முன்பே 'சைக்கோ கொலையாளி' என்ற தலைப்பு கைபேசிகளில் வலம்வரத் தொடங்குகிறது. காவல்துறையின் சந்தேகம் பொதுவெளியில் தீர்ப்பாக மாறிவிடும் இத்தகைய வழக்குகளில் ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் சட்டம் வழங்கும் உரிமை என்ன, விதிக்கும் எல்லை என்ன என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

'தொடர் கொலை' என்று சட்டத்தில் உள்ளதா?

'தொடர் கொலை' என்ற பெயரில் தனிக்குற்றம் எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு கொலையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவின் கீழ் தனித்தனிக் குற்றமாகவே பதிவு செய்யப்படுகிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவாக இருந்தது. ஒரே நபர் 12 மாதங்களுக்குள் செய்த ஒரே வகையான குற்றங்களில் மூன்றை மட்டுமே ஒன்றாகச் சேர்த்து விசாரிக்க முன்பு வழியிருந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 242-வது பிரிவு அதனை ஐந்தாக உயர்த்தியுள்ளது. எனவே ஒருவர் மீது பத்துக் கொலை வழக்குகள் இருந்தால், அவை பல விசாரணைகளாகப் பிரிந்து, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு முடிவுகளை எட்டக்கூடும்.

எல்லைப் பகுதியில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. சித்தூரிலிருந்து புறப்படும் ஒருவர் ஓரிரு மணி நேரத்தில் வேலூரையோ கோலார் மாவட்டத்தையோ அடைந்துவிடலாம். திருப்பதிக்கு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் வெளியூர்களிலிருந்து வந்து செல்கின்றனர். அடையாளம் தெரியாத ஒரு சடலம் ஆந்திராவில் மீட்கப்பட்டு, அவரைக் காணவில்லை என்ற புகார் தமிழ்நாட்டில் பதிவாகியிருந்தால், இவ்விரண்டு ஆவணங்களும் இரு மொழிகளில், இரு மாநிலக் காவல் நிலையங்களில் இருக்கும். அவற்றை ஒப்பிட்டு, ஒரே கை இதன் பின்னால் இருக்கிறதா எனக் கண்டறிவதே புலனாய்வின் முதல் சவால்.

காவல் நிலையங்களின் பதிவேடுகளை நாடு முழுவதும் கணினி வழியே இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2009-ல் ஒப்புதல் அளித்தது. எல்லை வரம்பைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்காமல், எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு வழிசெய்கிறது.

பட்டப்பெயர் மறைத்த கேள்வி

மூன்று மாநிலக் காவல்துறையையும் அலைக்கழித்த வழக்குக்கு எடுத்துக்காட்டு, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஜெய்சங்கரின் வழக்கு. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா ஆகிய மாநிலங்களில் பெண்களைக் குறிவைத்துப் பாலியல் வன்கொடுமை, கொலை ஆகிய குற்றங்களில் ஈடுபட்டதாக அவர் மீது வழக்குகள் பதிவாகின. 2009-ல் கைதான அவர், 2011 மார்ச்சில் நீதிமன்றத்திலிருந்து சிறைக்குத் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டபோது சேலத்தில் காவலர்களிடமிருந்து தப்பினார். அடுத்த சில வாரங்களில் கர்நாடகாவில் மேலும் பல கொலைகள் நிகழ்ந்தன. 2011 மே மாதம் அம்மாநிலத்தின் பிஜாப்பூர் மாவட்டத்தில் அவர் மீண்டும் பிடிபட்டார். 2013-ல் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து மறுபடியும் தப்பி, சில நாட்களில் கைது செய்யப்பட்டார். 2018 பிப்ரவரியில் அதே சிறையில் உயிரிழந்தார்.

இவ்வழக்கு முழுவதும் ஊடகங்களில் நிலைத்து நின்றது 'சைக்கோ சங்கர்' என்ற பட்டப்பெயர். 'சைக்கோ' என்பது மருத்துவச் சொல்லும் அல்ல, சட்டச் சொல்லும் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையைக் காரணம் காட்டி விலக்குக் கோர பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு இடமளிக்கிறது. ஆனால், தான் செய்வது என்ன, அது தவறா என்பதை அறிய இயலாத நிலையில் ஒருவர் இருந்தாரா என்பதை மருத்துவச் சான்றுகளின் அடிப்படையில் நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும். தலைப்பிலேயே முடிவு செய்யப்படும்போது மனநலச் சிகிச்சை பெறும் லட்சக்கணக்கானோர் மீதும் அச்சொல்லின் நிழல் விழுகிறது. காவலில் இருந்த ஒருவர் இருமுறை எவ்வாறு தப்ப முடிந்தது என்ற நிர்வாகக் கேள்வியும் பட்டப்பெயரின் பரபரப்பில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

ஆட்டோ சங்கர் வழக்கு தந்த தீர்ப்பு

தொடர் கொலை வழக்கு ஒன்றே இந்தியாவின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்துக்கு அடித்தளமிட்டது என்பது பலரும் அறியாத செய்தி. சென்னை திருவான்மியூர் பகுதியைச் சேர்ந்த கௌரி சங்கர் என்ற ஆட்டோ சங்கர், 6 கொலைகளுக்காக விசாரிக்கப்பட்டார். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1992 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

சிறையில் அவர் எழுதியதாகக் கூறப்பட்ட சுமார் 300 பக்கத் தன்வரலாற்றை வெளியிடப்போவதாக 'நக்கீரன்' வார இதழ் 1994 மே மாதம் அறிவித்தது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலருடன் அவருக்கு இருந்த தொடர்புகளை அது வெளிப்படுத்தும் என்று கூறப்பட்டது. அது பொய்யானது என்றும், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் 1994 ஜூன் 15 தேதியிட்ட கடிதத்தில் சிறைத்துறைத் தலைவர் எச்சரித்தார். இதனை எதிர்த்து இதழின் ஆசிரியர் ஆர்.ராஜகோபால் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டி, எஸ்.சி.சென் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தது.

அவதூறு நேரும் என்ற அச்சத்தின் பேரில் அரசோ அதிகாரிகளோ ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. வெளியான பின்னரே சட்டப்படி தீர்வு தேடலாம் என்று அத்தீர்ப்பு கூறியது. நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்ற செய்திகளை ஒருவரது ஒப்புதல் இன்றியே வெளியிடலாம் என்றும் அனுமதித்தது. அதைத் தாண்டி ஒருவரின் தனிவாழ்வை ஒப்புதலின்றி எழுதினால், எழுதியவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். இந்த அனுமதிக்கும் ஒரு விதிவிலக்கை நீதிபதிகள் வகுத்தனர். பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும், அதனை ஊடகங்களில் வெளியிட்டு அவரை மேலும் அவமதிப்புக்கு உள்ளாக்கக் கூடாது என்பதே அது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இத்தீர்ப்பு இன்றும் ஊடக வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது.

உயிரிழந்தவருக்கும் இப்பாதுகாப்பு உண்டா?

உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு வகைசெய்கிறது. பாதிக்கப்பட்டவர் உயிரிழந்துவிட்டாலும் அவரது கண்ணியம் காக்கப்பட வேண்டும் என நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நெருங்கிய உறவினர் ஒப்புதல் அளித்தாலும், அடையாளத்தை வெளியிடுவது அவசியமா என்பதை அமர்வு நீதிபதியே தீர்மானிப்பார் என்றும் கூறியது. பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு, ஊர், கல்லூரி, தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுதுவதும் அடையாளத்தை வெளிப்படுத்துவதே ஆகும். குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இதே தடையை விதிக்கிறது.

'ஒப்புக்கொண்டார்' என்பதன் பொருள் என்ன?

'விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்பது கைதுச் செய்திகளில் வழக்கமாக இடம்பெறும் வரி. காவல் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை, அளித்தவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு. அவ்வாக்குமூலத்தின் அடிப்படையில் ஆயுதமோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்புடன் நேரடித் தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். வாசகர் ஆதாரமெனக் கருதும் அவ்வரி, பெரும்பாலும் நீதிமன்றத்தின் வாசலைக்கூடத் தாண்டாது.

கைதானவர்களின் முகத்தைத் துணியால் மூடிக் காவல்துறை அழைத்துவருவதற்கும் காரணம் உண்டு. சாட்சிகள் குற்றவாளியை முன்பின் அறியாதவர்கள் எனில், சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். அதற்கு முன்பே கைதானவரின் புகைப்படம் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ பரவிவிட்டால், சாட்சி அடையாளம் காட்டியது சம்பவ இடத்தில் கண்ட முகத்தையா, செய்தியில் கண்ட முகத்தையா என்ற கேள்வியை எதிர்தரப்பு வழக்கறிஞர் எழுப்புவார். உண்மையான குற்றவாளியாகவே இருந்தாலும், அவசரமாகப் பகிரப்பட்ட ஒரு படம் அவருக்குச் சாதகமாக முடியலாம்.

காவல்துறையின் செய்தியாளர் சந்திப்புகள் ஊடக விசாரணைக்கு வழிவகுக்கக் கூடாது என்று 2023 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இதற்கான விரிவான கையேட்டை 3 மாதங்களுக்குள் தயாரிக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நியாயமான விசாரணைக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால், செய்தி வெளியீட்டைக் குறுகிய காலத்துக்கு ஒத்திவைக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2012-லேயே தீர்ப்பளித்துள்ளது.

நிதாரி: பொதுவெளியின் தீர்ப்பும் நீதிமன்றத்தின் தீர்ப்பும்

உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் உள்ள நிதாரி கிராமத்தை ஒட்டிய ஒரு வீட்டின் பின்புறக் கால்வாயில், 2006 டிசம்பர் 29 அன்று எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. காணாமல்போன குழந்தைகள், இளம்பெண்களின் உடல் எச்சங்கள் அவை என்ற செய்தி நாட்டை உலுக்கியது. வீட்டின் உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேர், பணியாளர் சுரேந்திர கோலி ஆகியோர் கைதாகினர். கோலி நரமாமிசம் உண்டவர் என்ற செய்திகள் பல ஆண்டுகள் வலம்வந்தன. ஒரு வழக்கில் அவரது மரண தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2014 செப்டம்பரில் தூக்கிலிடும் நாள் நெருங்கிய நிலையில், நள்ளிரவில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவே அதனை நிறுத்தியது. மறு ஆண்டில், கருணை மனுவின் மீதான தாமதத்தைக் காரணம் காட்டி அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

2023 அக்டோபர் 16 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கோலியை 12 வழக்குகளிலிருந்தும் பாந்தேரை 2 வழக்குகளிலிருந்தும் விடுவித்தது. நீண்ட நாள் காவலுக்குப் பின் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நம்ப இயலாது என்றும், உடல் உறுப்பு வணிகக் கோணம் முறையாக ஆராயப்படவில்லை என்றும் புலனாய்வைச் சாடியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்விடுதலையை உறுதி செய்தது. ஏற்கெனவே தண்டனை உறுதியான எஞ்சிய ஒரு வழக்கில், கடைசி வாய்ப்பாகத் தாக்கலான 'கியூரேட்டிவ்' மனுவை ஏற்று, 2025 நவம்பர் 11 அன்று கோலியை முழுமையாக விடுவித்தது. ஒரே வகையான சாட்சியத்தின் மீது 12 வழக்குகளில் விடுதலையும் ஒரு வழக்கில் தண்டனையும் நீடிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் மையக் காரணம்.

ஏறத்தாழ 19 ஆண்டுகள் கடந்த பின், தங்கள் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு நிதாரி பெற்றோருக்கு விடை கிடைக்கவில்லை. குற்றவாளி யார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டதாகப் பொதுவெளி நம்பியபோது, புலனாய்வில் விடுபட்டவற்றைக் கேட்கும் குரல்கள் வலுவிழந்தன.

பகிர்வோரின் பொறுப்பு

வதந்தியின் விலையை இந்த எல்லைப் பகுதி ஏற்கெனவே கொடுத்துள்ளது. குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக 2018-ல் வாட்ஸ்அப்பில் பரவிய தகவல்களால் தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா ஆகிய மாநிலங்களில் அச்சம் மூண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சித்தூர் எல்லையை ஒட்டிய குடியாத்தம் அருகே வட மாநிலத்தவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததால் சந்தேகத்துக்கு உள்ளாகிக் கும்பலால் கொல்லப்பட்டார்.

பிறந்த இடம், மொழி, சாதி போன்ற காரணங்களுக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒருவரைக் கொன்றால், ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழிசெய்கிறது. பொது அச்சத்தைத் தூண்டும் பொய்த் தகவலைப் பரப்புவோருக்கு 353-வது பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தகவலை உருவாக்கியவருக்கு மட்டுமின்றி, அதைப் பரப்பியவருக்கும் இப்பிரிவு பொருந்தும்.

கொலை வழக்குச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது வாசகர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. கூறப்படும் தகவல் காவல்துறையின் கூற்றா, குற்றப்பத்திரிகையா, நீதிமன்றத் தீர்ப்பா என்பது முதலாவது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்படுகிறதா என்பது இரண்டாவது. வெளிப்பட்டால் அதனைப் பகிரக் கூடாது. கைதானவரின் படம் அடையாள அணிவகுப்புக்கு முன்பே வெளியாகியுள்ளதா என்பது மூன்றாவது. வழக்கு குறித்து உண்மையான தகவல் வைத்திருப்போர், அதனைக் குழுக்களில் பதிவிடாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ 112 என்ற அவசர எண்ணிலோ தெரிவிக்கலாம்.