வெள்ளிக் காசுகளின் நிறமாற்றமும் மதிப்பும்: பாதுகாப்பு முறைகள் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

செம்பில் படியும் களிம்பைச் சைவ சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்துக்கு உவமையாகக் கூறும். களிம்பு நீங்கினால் செம்பு ஒளிரும் என்பது அவ்வுவமையின் கருத்து. பழங்காசின் மேற்படலத்தை இவ்வாறு நீக்கத்தக்க மாசாக மட்டும் கருத இயலாது. காசு எங்கு, எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அப்படலமே பலவிடங்களில் எஞ்சிய சான்றாகும். பாதுகாப்பு முறைகள் வெள்ளிக் காசுகளின் நிறத்தையும் மதிப்பையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை தமிழக, இந்தியச் சான்றுகளின்வழி ஆராய்கிறது.

நிறமாற்றத்தின் இயல்பு

வெள்ளி சாதாரண வெப்பநிலையில் உயிர்வளியோடு எளிதில் சேர்வதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் படலமாக மாறுகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது ஒளிக்குறுக்கீட்டால் பொன்மஞ்சள், செம்பழுப்பு, நீலம் ஆகிய நிறங்கள் தோன்றுகின்றன. படலம் தடிக்கத் தடிக்கக் காசு கருமையடைகிறது. ஈரமும் வெப்பமும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும்.

மண்ணில் புதைந்த காசுகளின் நிலை வேறு. மண்ணிலுள்ள உப்பு வெள்ளியை வெள்ளி குளோரைடாக மாற்றுகிறது. இது சாம்பல் நிறத்தில் மேடுபட்டுப் படியும். வெள்ளியோடு கலந்த செம்பு கசிந்து மேலே பச்சைக் களிம்பாகப் பரவுவதும் உண்டு. ஒரே பானையில் கிடைத்த காசுகளுள்ளும் வேறுபாடு காணப்படும். பானைச் சுவரையும் ஈரமண்ணையும் ஒட்டியிருந்தவை மிகுதியாக அரிப்புறும். நடுவில் நெருங்கிக் கிடந்தவை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். எனவே புதையலைக் கண்டவுடன் காசுகளைக் கலந்து கழுவிவிட்டால், அவை கிடந்த வரிசையும் முறையும் பற்றிய செய்திகள் அழிந்துவிடும்.

கொங்குப் பகுதியில் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகளுள் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காலத்தவை மிகுதி. கி.பி. 64-இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வெளியான வெள்ளிக் காசுகள் இந்தியாவில் அருகியே கிடைக்கின்றன. தூய்மை மிக்க காசில் செம்புக் களிம்பு குறைவாகவும், செம்பு கலந்த காசில் மிகுதியாகவும் தோன்றும். ஆகவே மேற்படலத்தின் நிறம் உலோகக் கலவையை உய்த்துணரவும் ஓரளவு துணைசெய்கிறது.

எழுத்தும் எடையும்

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதைக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உரோமானியக் காசுகளை நினைவூட்டும் தலையுருவமும் தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்னும் பெயரும் இவ்வெள்ளிக் காசுகளில் உள்ளன. சங்க காலச் சேரர் வரலாற்றுக்கு இலக்கியத்திற்குப் புறம்பாகக் கிடைத்த அரிய சான்று இது. தமிழ் பிராமியில் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்துவது ஒரு சிறு கோடே. காசைத் தேய்த்தால் மேடான பகுதியே முதலில் தேயும். எழுத்தும் அம்மேட்டிலேயே உள்ளது. ஒரு கோடு மறைந்தால் மன்னன் பெயரே ஐயத்துக்குரியதாகிவிடும்.

எடையும் இவ்வாறே பாதிக்கப்படும். தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளை எடையிட்டு ஆராய்ந்த டி.டி. கோசாம்பி (1907-1966), காசு புழங்கப் புழங்க அதன் சராசரி எடை குறையும், எடை வேறுபாடு மிகும் என்னும் அடிப்படையில் காலவரிசை காண முயன்றார். இம்முறை காசின் எடை இயல்பாக இருந்தால் மட்டுமே பயன்தரும். அமிலத்தில் நனைத்த காசில் சல்பைடாக மாறிய வெள்ளியும் கரைந்துவிடுகிறது. அதன்பின் அந்த எடை புழக்கத்தைக் காட்டுகிறதா, கழுவியதைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய இயலாது.

பேழையும் விலையும்

தமிழர் இல்லங்களில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருநீறு கொண்டு துலக்கும் வழக்கம் உண்டு. அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்கு அது ஏற்றது. அதே வழக்கம் காசுக்கும் பயன்படும்போது நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. காசு திரட்டுவோர் இயற்கையாகச் சீராக நிறம் மாறிய காசுக்கு மிகுந்த விலை தருவர். துலக்கிய காசுக்கு விலை குறைப்பர். அழகிய நிறப்படலத்தைச் செயற்கையாக உண்டாக்கி விற்போரும் இருப்பதால் நிறம் ஒன்றே விலைக்கு அளவுகோலாகாது.

கம்பளித் துணி, இரப்பர் வளையம், மலிவான தாளுறை ஆகியவை கந்தகத்தை வெளியிட்டுக் காசைக் கருக்கச் செய்யும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் சிதைந்து பசையான பச்சைப் படலத்தை உண்டாக்கும்; அது காசின் பரப்பை அரிக்கும். பாலியெஸ்டர் உறைகளும் உலர்ந்த சூழலும் தகுந்தவை. காசை விளிம்பால் மட்டுமே பற்றுதல் வேண்டும். விரல் வியர்வையில் உள்ள உப்பும் கறை உண்டாக்கும்.

முடிவுரை

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப் பணிக்கிறது. அவ்வாறு தெரிவிக்கும்வரை காசுகளைக் கழுவாமல், தேய்க்காமல் வைத்திருப்பதே கண்டெடுத்தோர் செய்யத்தக்க பெரிய உதவியாகும். தூய்மை செய்ய நேர்ந்தால் நிழற்படமும் எடையும் பதிந்தபின் வேதியியல் வல்லுநரிடம் ஒப்படைத்தல் நன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே இதற்கெனப் பாதுகாப்பு ஆய்வகம் இயங்கிவருகிறது. ஈராயிரம் ஆண்டுகள் மண் காத்த எழுத்தை ஒரு நாழிகைத் துலக்கலில் இழக்க நேரும் என்பதை நினைவிற்கொள்வது தமிழ் வரலாற்று ஆய்வாளர்க்குத் தலையாய கடமையாகும்.