காரின் கண்ணாடியும் மனிதனின் கையும்



தோட்டத்துச் சாலையில் ஒரு கார் வந்தால் அது துரையின் காராகத்தான் இருக்கும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அந்த நிலை மாறிவிட்டது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணத்தில் நம் பிள்ளைகள் பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துகிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. வாங்கிய சில வாரங்களில் அவர்கள் பட்டறைக்குப் போய், “ரிமோட்டை அழுத்தினால் கண்ணாடிகள் தாமாக மூடிக்கொள்ளும்படி செய்து கொடுங்கள்” என்று கேட்பதையும் பார்க்கிறோம்.

கேட்பதில் நியாயம் உண்டு. பகலில் வெயில் சுடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுப் போகிறோம். மாலையில் மழை கொட்டுகிறது, இருக்கை நனைகிறது. ஆனால் அந்தச் சிறு பெட்டியைக் கதவுக்குள் பொருத்துமுன், கண்ணாடியை விட்டு மனிதனின் கை எவ்வாறு படிப்படியாக விலகியது என்ற வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது. அந்த வரலாறு தெரியாமல் பெட்டியைப் பொருத்துவது ஆபத்தாக முடியலாம்.

தொடக்கத்தில் குதிரை வண்டிகளின் கதவுக் கண்ணாடியைத் தாங்கியது ஒரு தோல் வார்தான். வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கதவில் ஒரு முளை இருக்கும். வாரை இழுத்தால் கண்ணாடி ஏறும். வேண்டிய உயரத்தில் துளையை முளையில் மாட்டிவிட்டால் நிற்கும். ரயில் பெட்டிகளிலும் இம்முறை இருந்தது. முதலில் வந்த கார்களில் பல, கூரையும் கதவுக் கண்ணாடியும் இல்லாத திறந்த வண்டிகள். மூடிய உடலுள்ள கார்கள் 1920ஆம் ஆண்டுகளில் பரவியபோது, கையால் சுற்றும் பிடி வழக்கத்துக்கு வந்தது. பிடியைச் சுற்றினால் பற்சக்கரம் திரும்பும். அதனோடு சேர்ந்த இரும்புக் கை கண்ணாடியை உயர்த்தும்.

இந்த இரண்டு முறைகளிலும் ஒரு நன்மை இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைப்பவனுக்கு வாளி நிறைந்ததா, கல்லில் சிக்கியதா என்பது கயிற்றைப் பிடித்த கையிலேயே தெரிந்துவிடும். அதுபோலவே, கண்ணாடிக்கு மேல் ஒரு குழந்தையின் விரல் இருந்தால், பிடியைச் சுற்றுபவரின் கை அதை உடனே உணரும். கை நின்றால் கண்ணாடியும் நிற்கும்.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில் வந்தது. 1940ஆம் ஆண்டில் பேக்கார்ட் நிறுவனத்தின் 180 என்னும் விலையுயர்ந்த காரில் விசையை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. 1941இல் லிங்கன் காரிலும் அவை வந்தன. தொடக்க காலத்து அமைப்புகளில் கதவுக்குள் மின்மோட்டார் இல்லை. மின்சாரத்தால் ஓடும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தும். அந்த எண்ணெய் குழாய் வழியே கதவுக்குச் சென்று கண்ணாடியைத் தூக்கும். பிரேக் எண்ணெய் போன்ற திரவமே அதில் பயன்பட்டது. குழாய் பழசானால் ஒழுகும். ஒழுகினால் சாயமும் இருக்கைத் துணியும் கெடும். ஆகவே 1950ஆம் ஆண்டுகளில் எண்ணெய்க் குழாய்கள் மறைந்து, ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறிய மின்மோட்டார் இடம்பெறலாயிற்று. இன்று நம் கார்களில் இருப்பதும் அதுதான்.

அந்த மோட்டார் வேலை செய்யும் விதம் எளிது. அதற்கு இரண்டு வயர்கள். ஒன்றில் 12 வோல்ட் மின்சாரமும் மற்றொன்றில் தரையிணைப்பும் கொடுத்தால் கண்ணாடி ஏறும்; இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இறங்கும். மோட்டாரின் தண்டில் திருகு போன்ற ஒரு பற்சக்கரம் உண்டு. மோட்டார் அதைச் சுழற்றலாம். ஆனால் கண்ணாடியை மேலிருந்து அழுத்தி அதைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாது. அதனால்தான் விசையை விட்டபின்பும் கண்ணாடி கீழே சரியாமல் நிற்கிறது. சிக்கிய கையைக் கண்ணாடியைக் கீழே தள்ளி விடுவிக்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

இப்போது மனிதனின் கை விசையில் இருக்கிறது. கண்ணாடியின் அழுத்தம் அவனுக்குத் தெரிவதில்லை. காரில் தனியே விடப்பட்ட குழந்தைகள் விசையின்மேல் முழங்காலை ஊன்றிக் கண்ணாடியில் சிக்கி இறந்த துயரங்கள் நேர்ந்தன. சட்டம் பின்னாலேயே வந்தது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 118ஆம் எண் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. சாவியைத் திருப்பாத நிலையில் கண்ணாடி மூடக்கூடாது என்பது அதன் சாரம். சாவியைத் திருப்பும் பெரியவர் ஒருவர் காரில் இருப்பார் என்பதே அதன் எண்ணம்.

பிறகு தொலைவிலிருந்து இயக்கும் காலம் பிறந்தது. 1982இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் ஃபுவேகோ என்ற காரில் கதவுப் பூட்டைத் தொலைவிலிருந்து திறக்கும் சாதனத்தைக் கொடுத்தது. பூட்டுக்கு வந்தது கண்ணாடிக்கும் வராமல் இருக்குமா? 1991இல் அமெரிக்க விதி திருத்தப்பட்டு, ரிமோட்டினால் கண்ணாடியை மூட இடம் தரப்பட்டது. ஆனால் நிபந்தனைகளோடுதான். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் மட்டுமே கண்ணாடி ஏற வேண்டும். விரலை எடுத்தால் நிற்க வேண்டும். அந்த ரிமோட்டும் காரிலிருந்து 6 மீட்டருக்கு அப்பால் கண்ணாடியை மூடும் ஆற்றல் பெற்றிருக்கக் கூடாது. இடையில் மறைப்பு இருந்தால் வேலை செய்யாத வகை ரிமோட் என்றால் 11 மீட்டர் வரை இருக்கலாம். பொத்தானை அழுத்துபவரின் கண் கண்ணாடியின்மேல் இருக்க வேண்டும் என்பதே இந்த அளவுகளின் பொருள். கைக்கு இருந்த உணர்வு போனதால், அதன் இடத்தில் கண்ணை வைத்தார்கள்.

ஒருமுறை தொட்டுவிட்டால் தானே முழுவதும் மூடும் கண்ணாடியாக இருந்தால், கண்ணும் போதாது. அதற்கு எந்திரத்துக்கே உணர்வு வேண்டும். எதிரே ஏதேனும் பொருள் அகப்பட்டால், 100 நியூட்டன் அழுத்தம், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையின் அழுத்தம், அதன்மேல் விழுமுன் கண்ணாடி திரும்பி இறங்க வேண்டும் என்று விதித்தார்கள். 2004இல், குழந்தையின் முழங்கால் தவறிப் பட்டாலும் இயங்காத வகையில் விசைகள் அமைய வேண்டும் என்ற விதி வந்தது. மேலே இழுத்தால்தான் கண்ணாடி ஏறும் விசை வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் எல்லாக் கண்ணாடிகளுக்கும் திரும்பி இறங்கும் வசதியைக் கட்டாயமாக்கும் யோசனை 2011இல் கைவிடப்பட்டது. ஆகவே புதிய கார் என்றாலே அந்த வசதி எல்லாக் கதவுகளிலும் இருக்கும் என்று நாம் நம்பிவிடலாகாது.

இனி நம் பட்டறையில் பொருத்தப்படும் பெட்டிக்கு வருவோம். விசைக்கும் மோட்டாருக்கும் இடையே ஓடும் இரண்டு வயர்களையும் வெட்டி, நடுவில் இந்தப் பெட்டியைச் சேர்க்கிறார்கள். உள்ளே ரிலே எனப்படும் மின்காந்த விசைகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை பழைய விசையையே மோட்டாரோடு இணைத்து வைக்கின்றன. கார் பூட்டப்பட்டது என்ற சைகை வந்ததும், ரிலே நேரே 12 வோல்ட்டை மோட்டாருக்குக் கொடுக்கிறது, கண்ணாடி ஏறுகிறது. மேலே முட்டியதும் மோட்டார் திணறும். திணறும் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். அதைக் கண்டு பெட்டி நிறுத்திக்கொள்ளும். மலிவான சில பெட்டிகளோ குறித்த சில வினாடிகள் கழிந்த பின்புதான் நிறுத்தும்.

நேயர்களே, இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். கண்ணாடி மேலே உள்ள ரப்பரில் முட்டினாலும் மோட்டார் திணறும். ஒரு குழந்தையின் கையில் முட்டினாலும் மோட்டார் திணறும். இரண்டுக்கும் வேறுபாடு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அது நிறுத்தும், ஆனால் கையை விடுவிக்காது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. தீபாவளிக்கு முன்னாள், தந்தை கடைக்குப் போகக் காரிலிருந்து இறங்கி, நடந்தவாறே ரிமோட்டை அழுத்தினார். பின்னிருக்கையில் இருந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை, “அப்பா, மத்தாப்பு!” என்று சொல்லக் கையை வெளியே நீட்டியிருந்தது. கண்ணாடி முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றது. அலறல் கேட்டு ஓடிவந்தவர் ரிமோட்டை மறுபடி அழுத்தினார். கதவுப் பூட்டு திறந்தது, கண்ணாடி இறங்கவில்லை. அந்தப் பெட்டிக்கு மூட மட்டுமே தெரியும். பிறகு உள்ளே ஏறி, சாவியைத் திருப்பி, விசையை அழுத்திய பின்புதான் கை விடுபட்டது. கை கன்றிச் சிவந்ததோடு போயிற்று. கழுத்தாக இருந்திருந்தால் என்ற எண்ணம் அந்தத் தாயை இன்னும் விடவில்லை.

ஆகவே பெட்டி வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தடை வந்தால் கண்ணாடி திரும்பி இறங்குமா? பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மட்டும் மூடும்படி அமைக்க முடியுமா? இரண்டுக்கும் “இல்லை” என்றால், அந்தப் பெட்டி பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உகந்ததன்று.

பொருத்தும்போது வயரின் நிறத்தை நம்பக் கூடாது. மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய கார்களில் பயணி பக்கத்து மின்சாரம் பெரும்பாலும் ஓட்டுநர் விசையின் வழியாகச் சென்று, பயணி விசையைக் கடந்து மோட்டாரை அடைகிறது. அங்கே கடைசி விசைக்கும் மோட்டாருக்கும் இடையில்தான் வெட்ட வேண்டும். கார் தயாரித்தவர்களே திரும்பி இறங்கும் வசதியை வைத்திருந்தால், மோட்டார் வயரை வெட்டவே கூடாது. அந்த அமைப்பு மோட்டாரின் சுற்றுகளை எண்ணிக் கண்ணாடியின் இடத்தை அறிகிறது. இடையில் வேறொரு பெட்டி மோட்டாரைச் சுழற்றினால் கணக்குத் தவறும், பாதுகாப்பும் போகும்.

பழுது வந்தால் எளியதிலிருந்து தொடங்க வேண்டும். எந்தக் கண்ணாடியும் அசையாவிட்டால் முதலில் ஃபியூசைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போடுங்கள். பெரியதைப் போட்டால் ஃபியூசுக்குப் பதிலாக வயர் எரியும். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால், உள்ளே இழுக்கும் கம்பி அறுந்திருக்கலாம். கதவைத் திறந்தால் வேலை செய்து மூடினால் நின்றுவிடுமானால், கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் மடிந்து மடிந்து முறிந்திருக்கும். பழுது காரிலா பெட்டியிலா என்று ஐயம் வந்தால், பெட்டியைக் கழற்றி வயர்களைப் பழையபடி இணைத்துப் பாருங்கள். விசையால் சரியாக இயங்கினால் குற்றம் பெட்டியினுடையது.

கடைசியாக ஒன்று. கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது என்று சிலர் பட்டறைக்குப் போவார்கள். பெரும்பாலும் காரணம், கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து, மண் படிந்து இறுகிப்போனதுதான். அதைத் துடைத்துச் சிலிக்கோன் தெளித்தால் சரியாகும். ஆனால் சில பெட்டிகளில் அழுத்த அளவைக் கூட்டும் ஒரு சிறு திருகு உண்டு. நேரம் மிச்சம் என்று சிலர் அதைத் திருகிவிடுகிறார்கள். கண்ணாடி முழுவதும் ஏறும்; காசு கொடுத்தவரும் மகிழ்வார். ஆனால் அடுத்தமுறை இடையில் அகப்படுவது குழந்தையின் கையானால், கூட்டிய அந்த அழுத்தம் முழுவதும் அந்தக் கையின்மேல்தான் விழும்.

வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டிக் கண்ணாடிக்கு மேல் பிடித்து, ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். சுருள் நசுங்கிச் சிக்கிக்கொண்டால், பெட்டியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எவரும் தம் விரலை வைத்துச் சோதிக்க வேண்டாம். சோதனையில் தேறிய பின்னும், பிள்ளைகள் அனைவரும் இறங்கிவிட்டார்கள் என்று கண்ணால் கண்டபிறகே பொத்தானை அழுத்துங்கள்.

தோல் வாரிலிருந்து ரிமோட் வரை கண்ணாடி நெடுந்தூரம் வந்துவிட்டது. கை விலகிய ஒவ்வொரு முறையும், அதன் உணர்வுக்கு ஈடாக வேறொன்றை வைக்க வேண்டியிருந்தது. தயாரிப்பாளருக்கு அதைச் சட்டம் நினைவூட்டியது. பட்டறையில் நாம் பொருத்தும் பெட்டிக்கு அதை நினைவூட்ட வேண்டியவர்கள் நாமே.