விடுதியில் ஒருத்தி

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-ல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியல் கல்லூரியில் 1940 வரை ஒரு பெண்கூடப் படித்ததில்லை. அந்த வருஷம் மின்பொறியியலில் சேர்ந்தார் ஏ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம். 1937-ல் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடமும், பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதமிடமும் பேசி அனுமதி வாங்கினார்.

இவ்வளவும் பலர் எழுதியதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது. விடுதியில் மகள் தனியாகத் தவிப்பதைப் பார்த்த சுப்பாராவ், பெண்களும் சேரலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கக் கல்லூரியை இணங்க வைத்தார். பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள்.

எழுபதுகளில் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய் லலிதா படித்த அதே பாடத்தைப் படித்தவள் நான். பல்லாவரத்தில் ஏறுவாள் என் தோழி. லேப் முடிய இருட்டிவிடும் நாட்களில், "அவளும் கூட வர்றாம்மா" என்று சொன்னால்தான் அம்மா முகம் தெளியும். அவள் அம்மை கண்டு படுத்த மாதத்தில், படிப்பையே நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. துணைதான் இல்லை. அந்த விளம்பரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

போர்க்காலத்தில் பாடத்திட்டத்தைச் சுருக்கியதால் மூவரும் 1943-ல் ஒன்றாகவே படிப்பை முடித்தார்கள். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார்; இந்தியாவில் எந்த மாநிலத்திலும் அதற்கு முன் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. லீலாம்மா திருவிதாங்கூர் பொதுப்பணித்துறைக்குப் போனார். லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் வேலை பார்த்து, பிறகு கல்கத்தாவில் மின்கடத்திப் பாதைகளும் துணைமின் நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்பாதைகளிலும் அவர் உழைப்பு உண்டு. மின்வாரியத்தில் துணைமின் நிலைய வரைபடங்களோடு காலம் தள்ளியவள் என்பதால் சொல்கிறேன்: ஒரு பிரேக்கர் இடம் மாறினால் ஆள் சாகும் வேலை அது.

1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. லலிதா தனியாளாகப் போய்வந்தார். அடுத்த மாநாடு 1967-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். அதற்கு இந்தியப் பெண் பொறியாளர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார்.