பெயர் மறந்த ஈயும் லினக்ஸ் பொதிகளும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு உபுண்டு கணினியில் ஒரு மென்பொருள் போட உட்கார்ந்தேன். அதற்குத் தேவையான இன்னொரு பொதி சரியான பதிப்பில் இல்லை என்று பிழை வந்தது. பொறுமையில்லாமல் வேறெங்கோ கிடைத்த பொதியை இறக்கி, வம்படியாகத் திணித்தேன். பிறகு ஆப்டை ஓட்டினால், "இவை நீக்கப்படும்" என்று நீளமாக ஒரு பட்டியல். படிக்காமல் 'ஒய்' தட்டினேன். அடுத்த முறை கணினியைத் திறந்தபோது டெஸ்க்டாப்பே இல்லை, கருப்புத் திரைதான். சாயங்காலம் ஊரிலிருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேச வேண்டும். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்!

எப்படிச் சரிசெய்தேன் என்பது கடைசியில். இந்தப் பிழை ஏன் வருகிறது என்ற பழைய கதை முதலில்.

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. பொதுவான வேலைகளுக்குப் பொதுவான நூலகங்கள் உண்டு. உதாரணம், கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் ஸீலிப். 2002 மார்ச்சில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட மென்பொருள்களுக்கு அந்த ஒரு நூலகத்தை மாற்றியதே போதும். தனக்குள்ளேயே பிரதி வைத்திருந்தவற்றைத் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. பகிர்வதில் இவ்வளவு லாபம். அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தச் சார்பு.

1993-ல் வந்த ஸ்லாக்வேர் சார்புகளைப் பார்ப்பதே இல்லை, எல்லாம் உங்கள் பொறுப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். 1994-ல் இயன் ஜாக்சன் அதற்கு டிபிகேஜி கருவியை எழுதினார். ஒரு பொதி எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்பது அந்தப் பொதிக்குள்ளேயே எழுதப்பட்டது. 1995-ல் ரெட் ஹாட் ஆர்பிஎம்மைக் கொண்டுவந்தது.

இரண்டும் குறையைச் சொல்லும், ஆனால் போய் எடுத்து வராது. தன் பெயரை மறந்த ஈ கதை ஞாபகம் இருக்கிறதா? கன்றைக் கேட்டால் தாயைக் கேள், தாயைக் கேட்டால் மேய்ப்பவனைக் கேள் என்று அலையவிடுமே, அதேதான். ஒரு பொதி இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். இதற்கு 'டிபென்டன்சி நரகம்' என்றே பெயர் வைத்தார்கள்.

1999 மார்ச்சில் டெபியன் 2.1 ஆப்டோடு வந்தது. ஈ செய்த வேலையை இனி கருவியே செய்யும். ஆர்பிஎம் பக்கத்தில், டியூக் பல்கலைக்கழகத்தில் ஸெத் விடாலும் மைக்கேல் ஸ்டென்னரும் உருவாக்கிய யம் அதே வேலையைச் செய்தது. 2003 நவம்பரில் வந்த முதல் ஃபெடோராவிலேயே அது இருந்தது.

பிரச்சினை அத்தோடு தீரவில்லை. எதை எதோடு சேர்த்துப் போட முடியும் என்று கண்டுபிடிப்பது, பொதுவாகப் பார்த்தால், என்பி-கம்ப்ளீட் வகைக் கணக்கு என்று எடாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தினர் நிறுவினார்கள். 2008-ல் ஓபன்சூஸே 11.0 இதற்கென்றே சாட் என்ற தர்க்கத் தீர்வு முறையைக் கொண்டுவந்தது. ஆகவே ஆப்ட் தடுமாறினால் அதை முட்டாள் என்று திட்டாதீர்கள்.

இப்போது என் கதைக்கு. கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். ஆப்டின் வரலாற்றுப் பதிவைத் திறந்தால் எதெல்லாம் போனது என்று வரிசையாக இருந்தது. திணித்த பொதிக்குப் பதிலாக உபுண்டுவின் சொந்தப் பதிப்பையே திருப்பிப் போட்டேன். பிறகு 'ஆப்ட் அப்டேட்', அடுத்து 'ஃபிக்ஸ்-புரோக்கன்', கடைசியில் உபுண்டு-டெஸ்க்டாப். ஹோம் அடைவில் ஒரு கோப்புகூடப் போகவில்லை.

அம்மாவோடு அரைமணி தாமதமாகப் பேசினோம். ஸெத் விடால் 2013-லும் இயன் மர்டாக் 2015-லும் காலமாகிவிட்டார்கள். முகம் பார்த்திராத இப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான் அன்று அந்தத் திரை திரும்ப வந்தது. அந்தப் பிழைச் செய்தியும் அவர்கள் நமக்காகப் போட்ட வேலிதான். மதியமே அதை மதித்திருந்தால் இவ்வளவு கூத்து இல்லை.

அடுத்த முறை 'ஒய்' தட்டுமுன், நீக்கப்படும் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள் மக்களே!